சூரியனுக்கும் மாற்றுப்பாதை

எங்கள் ஊரில் ஒரே நாளில் இரண்டு தடவை பொழுது விடியும். மலைக்குக் கிழக்கே, கோயில், தேரடி, கடைத்தெரு என்று குடியிருப்பவர்களுக்கு ஊருலகத்தோடு ஒருமுறை. மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலைப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு அதற்கப்புறம் சாவகாசமாக இன்னொரு முறை. நான் இரண்டாவது கோஷ்டி. "மலை பார்த்த மனை சார். காலைல கண்ணு முழிச்சா அண்ணாமலையார் முகத்துலதான் முழிப்பீங்க" என்று சொல்லி விற்றார் தரகர். பொய் சொல்லவில்லை. அண்ணாமலையாரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் மாட்டிக்கொண்டிருப்பான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி. ஊர் நிற்கும் தரைமட்டத்தைக் கழித்தாலும் இரண்டாயிரம் அடிக்குக் குறையாது. உச்சியிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் மேற்கே என் வீட்டு மொட்டைமாடி. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 14 பாகை வரை மலையின் பட்டா நிலம். சூரியனோ மணிக்கு 15 பாகை ஏறுகிறவன். வகுத்துப் பார்த்தால், எனக்குச் சேரவேண்டிய வெயில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. இந்தக் கணக்கை நான் அறிவு வளர்ச்சிக்காகப் போடவில்லை. ஆறரை மணிக்கு என் போர்வையை இழுக்கும் கைக்கு எதிராக ஓர் ஆவணம் தேவைப்பட்டது.

"நம்ம வீட்டுக்கு இன்னும் விடியலடி" என்பேன்.

"பால்காரரு மலையைச் சுத்திக்கினு வந்துட்டாரு. உங்க சூரியனுக்கு மட்டும் இன்னாவாம்?" என்பாள் மனைவி.

சூரியனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மலை குறுக்கே நிற்பதைப் பற்றித் தலபுராணத்தில் அவனே புகார் வைத்திருக்கிறான். மலைக்கு நேர் மேலாகத் தேரை ஓட்டப் பார்த்தானாம். குதிரைகள் சுருண்டு விழுந்தன. பிரம்மாவிடம் போய் முறையிட்டான். அது மலை இல்லை, சிவம். தாண்டாதே, கும்பிட்டு வலமாகப் போ என்று யோசனை கிடைத்தது. அன்றிலிருந்து ஒதுங்கித்தான் போகிறான் என்பது கதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே மறித்து, கையைக் காட்டி வேறு பக்கம் திருப்பிவிடும்போது ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கு நான் ஆறுதல் சொல்வதுண்டு: இந்த ஊரில் முதன்முதலாக மாற்றுப்பாதையில் அனுப்பப்பட்ட வண்டி ஏழு குதிரை பூட்டிய தேர். ஓட்டியவர் அருணன், பழுத்த அனுபவசாலி. அவருக்கே அந்தக் கதி.

இப்படி சூரியனோடு ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் இருந்துவந்த என்னைக் கிளப்பிவிட்டது மைத்துனன். பொங்கலுக்குக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வந்திருந்தான். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறான். அந்த வாடகையில் சூரியோதயமும் சேர்த்தி என்பது அவன் நினைப்பு. "எங்க ஏரியால சூரியன் தண்ணிலேர்ந்து தகதகன்னு வருவான் மாமா. இங்க என்ன, மத்தியானம்தான் எட்டிப் பாப்பானோ?"

சென்னைக்கும் எங்களுக்கும் தை மாதத்தில் வித்தியாசம் மூன்று நான்கு நிமிடம்தான். அதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். வீட்டு மாப்பிள்ளை என்கிற பதவி அதோடு நிறுத்த விடுவதில்லை. காணும் பொங்கலன்று விடியற்காலை எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு செஞ்சி சாலையில் போய், பாறைக் குன்றுகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் கிளம்புவதைக் காட்டுவதாக அறிவித்தேன். அன்றைக்கு ஊரே சாத்தனூர் அணைக்குக் கிளம்பும். நாம் அதற்கு எதிர்த்திசையில், கூட்டமில்லாமல், ரசனையோடு. 'ரசனையோடு' என்று சொல்லும்போது சமையலறைப் பக்கம் ஒரு பாத்திரம் சற்று அழுத்தமாக வைக்கப்பட்டது.

என் திட்டத்தில் ஓட்டை இல்லை. உத்தராயணம் பிறந்துவிட்டதால் பொழுது சீக்கிரம் விடியும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தை பிறந்தால் பகல் நீள்வது வாஸ்தவம், ஆனால் அது சாயங்காலப் பக்கம் நீள்கிறது. காலையில் ஜனவரி மூன்றாம் வாரம் தாண்டும்வரை சூரியன் நாளுக்கு நாள் ஒரு சில வினாடி பிந்திக்கொண்டேதான் வருகிறான். வாசலில் பானை வைத்து, கரும்பு சாத்தி, தெருவே கேட்கப் பொங்கலோ பொங்கல் என்று கூவி வரவேற்ற பிறகும் திருந்தவில்லை. காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் சூரியோதயம் 6.40 சுமாருக்கு. ஆகவே 5.30க்குக் கிளம்பினால் போதும். இது என் கணக்கு.

மனைவியின் கணக்கு வேறு. 5.30க்குக் கிளம்ப வேண்டுமென்றால் மூன்றுக்கு எழ வேண்டும். ஏழு பேருக்குக் குளியலறை ஒன்று. வெந்நீர் அடுப்பு ஒன்று. செஞ்சி சாலையில் அந்நேரத்துக்கு ஓட்டல் திறந்திருக்குமோ இருக்காதோ, அதனால் இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, தூக்கில் கட்ட வேண்டும். பண்டிகை நாளில் வாசலில் கோலம் இல்லாமல் கிளம்ப முடியாது. எல்லாவற்றையும் விரலை மடக்கிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் பங்குக்கு அலாரம் வைப்பதாக ஒப்புக்கொண்டேன்.

எழுப்புகிற விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழைய பெருமை உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இங்கேதான். கிரிவலப் பாதையில் அவருக்கு ஒரு கோயிலும் இருக்கிறது, என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இருபது பாட்டில் முதல் எட்டு, தூங்குகிற தோழியை எழுப்பவே செலவாகிவிடுகிறது. பதினெட்டாம் பாட்டில் அண்ணாமலையான் பெயரும் வருகிறது, சூரியன் வர வெள்ளிகள் ஒளி மங்கி ஒதுங்குவதும் வருகிறது. ஆகப் பெண்களைத் தட்டி எழுப்பி, நீராடப் புறப்பட்டு, வெளிச்சம் வருவதற்குள் பதினேழு பாட்டுக் கடந்துவிடுகிறது. மார்கழி முழுக்க இதை ஒலிபெருக்கியில் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. அதுவும் அவர்கள் பாவை நோன்பு நோற்கிற பிள்ளைகள், எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணமாவது இருந்தவர்கள். எங்கள் வீட்டில் என் அம்மா இரண்டே முக்காலுக்கே எழுந்து குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்துவிட்டார். மைத்துனன் மகன், நான்கு வயது, மூன்றரைக்கு எழுந்து வீட்டுக்குள் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். கடைசியாக எழுப்பப்பட்ட ஆள் யார் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுவோம். எழுப்பியது பாட்டால் அல்ல.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு, ஐந்து பேர் உட்காரத் தயாரித்த காரில் ஏழு பேர் ஏறினோம். செங்கம் சாலை வழியாக ரமணாசிரமத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்து கிழக்கே போவது என் உத்தேசம். வண்டியைத் தெற்கே திருப்பினேன்.

"இன்னாடா இது, எடஞ்சுத்தாப் போற?" என்றார் அம்மா.

"காருதாம்மா."

"காராருந்தா இன்னா, காளை வண்டியாருந்தா இன்னா? மலையை எடஞ்சுத்தாப் போவக் கூடாது. வடக்கால திருப்பு."

திருப்பினேன். கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டுத் திக்கு லிங்கங்கள் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் வலமாக வரிசை கட்டி நிற்கின்றன. வடக்கால் போவதென்றால் வாயு, குபேரன், ஈசானியம் மூன்றும் வழியில் வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் வேகம் குறைய வேண்டும், அம்மா கும்பிட்டு முடிய வேண்டும், கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகு வேகம் கூட வேண்டும். பின்னால் வந்த டெம்போக்காரர் எட்டுத் திக்கையும் வேறு விதமாக நினைவுபடுத்திக்கொண்டு போனார்.

நடுவில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "நேத்து விடியக்காலைல சாமியே திட்டிவாசல் வழியா வெளிய வந்து சூரியனுக்குக் காட்சி குடுத்துட்டாரு. ஊருக்கே சேர்த்துக் குடுத்தாச்சு. நீ எதுக்குடா தனியாப் போயிப் பாக்கணும்?" மாட்டுப் பொங்கல் அதிகாலையில் அண்ணாமலையாரும் அம்மனும் ராஜகோபுரத்துத் திட்டிவாசல் வழியாக வந்து நந்திக்கும் சூரியனுக்கும் தரிசனம் தருவது எங்கள் ஊர் வழக்கம். மற்ற ஊர்களில் சூரியனைப் பார்க்க ஆள் போவார்கள். இங்கே சூரியன் பார்க்க வருகிறான். இதை மைத்துனனிடம் பெருமையாக விளக்கத் தொடங்கியபோது அவன் மனைவி, "இடுக்குப் பிள்ளையார் இந்தப் பக்கம்தானேண்ணா?" என்றாள்.

குபேர லிங்கத்துக்கும் ஈசானிய லிங்கத்துக்கும் நடுவில் இருக்கிறார் இடுக்குப் பிள்ளையார். இடைக்காட்டுச் சித்தர் ஏற்படுத்தியது என்பார்கள். சின்னக் கல் மண்டபம். ஒருக்களித்துப் படுத்து, தோளை நகர்த்தி, நெளிந்து நெளிந்து ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். தலைவலி, முதுகுவலி போகும் என்று நம்பிக்கை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சொல்லிவருகிறேன். என்னைப் பகுத்தறிவாளன் என்றே தெருவில் பலர் மரியாதை வைத்திருக்கிறார்கள். காரணம் பகுத்தறிவு இல்லை, வயிறு. நான் வண்டிக்குக் காவல் நின்றேன். மைத்துனன் மகன் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தான். மைத்துனன் நுழைந்தான், பாதியில் அவன் சத்தம் வந்தது, ஆள் வரவில்லை. கால் பக்கம் அவன் மனைவியும் தலைப் பக்கம் ஒரு ஆந்திர பக்தரும் இரண்டு மொழியில் யோசனை சொல்லி அவனை உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தபோது மணி ஆறு இருபத்திரண்டு. கிழக்கே வானம் வெளுத்துவிட்டது.

அடுத்த பத்து நிமிடம் நான் ஓட்டிய வேகத்தைப் பற்றி எழுதினால் பிரச்சினை வரும்.

ஊர் எல்லை தாண்டி, கீழ்பென்னாத்தூருக்குப் பாதி வழிகூடப் போகவில்லை, பனி பிடித்துக்கொண்டது. தை மாதத்துக் காலையில் ஏரியும் வயலும் உள்ள பக்கமெல்லாம் தரையோடு வெள்ளையாக நிற்கும் பனி. முன் கண்ணாடியில் உள்ளே ஏழு பேரின் மூச்சு, வெளியே பனி. வைப்பர் போட்டால் வெளியே மட்டும் துடைக்கிறது. எதிரே பாண்டிச்சேரி பஸ் ஒன்று இரண்டு விளக்கைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்தது. "சூரியன்! சூரியன்!" என்று கத்தினான் பையன். அன்று முதல் தரிசனம் அதுதான்.

ஓரமாக வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கினோம். அம்மா மட்டும் இறங்கவில்லை, குளிர் ஆகாது. ஜன்னலை இறக்கிவிட்டு, வந்த வழியையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆறு பேரும் சாலை போகிற திசையில், கிழக்கே, முகத்தை நீட்டி நின்றோம். சாலையின் நேர் முனையில் செஞ்சி மலை, அதன் பின்னாலிருந்து சூரியன்: இதுதான் நான் விற்றிருந்த காட்சி.

"அப்பா, அங்க வராது" என்றாள் மகள். பதினொன்றாம் வகுப்பு. "செஞ்சி நமக்கு நேர் கிழக்க இருக்கு. மார்ச்சுலயும் செப்டம்பர்லயும்தான் சூரியன் நேர் கிழக்க உதிக்கும். தை மாசத்துல தெக்கால இருபது பாகைக்கு மேல தள்ளி உதிக்கும். ஒரு வருஷத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிட்டத்தட்ட நாப்பத்தெட்டு பாகை நகருதுப்பா. நீங்க வேட்டவலம் ரோட்டுல போயிருக்கணும்."

எல்லோரும் வலது பக்கம் திரும்பினோம். அங்கே ஒரு அரிசி ஆலை இருந்தது. அகலமான, உயரமான, நன்றாக ஓடுகிற ஆலை.

"வரட்டும். மேல வந்ததும் தெரியும்" என்றேன்.

"மேல வந்தா அது உதயம் இல்லப்பா. முழு வட்டமும் அடிவானத்தைத் தாண்ட ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகும். அதுக்குள்ள பாத்தாதான் கணக்கு."

இரண்டு நிமிடம்! மனைவி மூன்று மணிக்கு எழுந்ததை அந்த இரண்டு நிமிடத்தால் வகுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவள் வகுத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. மகள் இன்னும் முடிக்கவில்லை. "இன்னொண்ணு. அடிவானத்துல சூரியன் தெரியறப்ப நிஜத்துல அது அங்க இல்ல. காத்து வெளிச்சத்தை வளைக்குது. அரைப் பாகைக்கு மேல. சூரியனோட அகலமே அரைப் பாகைதான். அதனால முழுசா தரைக்குக் கீழ இருக்கறப்பவே மேல வந்துட்ட மாதிரி காட்டும்." வீட்டில் பல் துலக்கிக்கொண்டே போனில் 'பக்கத்துல வந்துட்டேன்' என்று சொல்கிற ஆசாமிதான் சூரியன் என்று புரிந்தது. அந்த வெளிச்சமும் எட்டு நிமிடத்துக்கு முன்னால் கிளம்பியதாம். வராத ஆளை, பழைய தகவலை நம்பி, ஆலைக்குப் பின்னால் தேடிக்கொண்டு நின்றோம்.

விடியலைப் பார்க்க எப்படி வர வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் எங்கள் ஊருக்கு வந்தார். ரமணாசிரமத்தில் மயங்கி விழுந்தார். அதைப் பெரிய ஆன்மிக அனுபவம் என்று வெளியே பேசிக்கொண்டார்கள், அவர் அப்படி நினைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து, 1944இல், 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவல் வெளிவந்தது. அதில் லாரி என்கிற அமெரிக்க இளைஞன் தென்னிந்திய மலையொன்றில் விடியற்காலையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பொழுது புலர்வதைப் பார்க்கிறான், ஞானம் கிடைத்துவிடுகிறது. கிடைக்கும். லாரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாம் அவனை மலைக்குத் தனியாக அனுப்பினார். கூட ஒரு மைத்துனனை அனுப்பியிருந்தால் நாவலின் முடிவே வேறு.

ஆறு நாற்பத்தைந்து. பனி வெள்ளையிலிருந்து மஞ்சளாயிற்று. ஆலை ஆலையாகவே இருந்தது. ஏழு மணி சுமாருக்குக் கூரைக்கு மேலே, தென்னை உயரத்தில், கண் கூசும்படி ஒரு முழுச் சூரியன், அப்போதுதான் வந்தவன் என்கிற பாவனையே இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

"அவ்ளோதானா மாமா?" என்றான் மைத்துனன்.

காருக்குள்ளிருந்து அம்மாவின் குரல். "மலை செவந்துச்சே, பாக்கலியா யாரும்?"

யாரும் பார்க்கவில்லை. தரையில்தான் பனி; மேற்கே மலை அதற்கு மேலே துல்லியமாக நின்றிருந்திருக்கிறது. உச்சி இரண்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் நமக்கு மூன்று நான்கு நிமிடம் முன்னாலேயே அதன்மேல் வெயில் விழுந்துவிடும். முதலில் உச்சி மட்டும் சிவந்து, அப்புறம் அந்தச் சிவப்பு மெள்ள மெள்ளத் தோள், இடுப்பு என்று இறங்கி, ஊருக்குள் கிழக்கு பார்த்து நிற்கிற 217 அடி ராஜகோபுரத்தின் கலசங்களைத் தொட்டு, பதினொரு நிலையும் படிப்படியாக வழியும். தீபத்துக்குக் கொப்பரை வைக்கிற இடம் தீபம் இல்லாமலே எரிகிற நேரம் அது. அம்மா கும்பிட்டு முடித்து, உட்கார்ந்தபடியே பதிகமும் சொல்லி முடித்திருக்கிறார். சூரியனைப் பார்க்க வந்த ஏழு பேரில் பார்த்தவர் ஒருவர், அவரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர்.

"சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்கள்லாம் ஏதோ மில்லைப் பாத்துக்கினு இருந்தீங்க. வெலைக்கு வாங்கப் போறீங்களோன்னு இருந்துட்டேன்."

இதோடு போயிருந்தால் வெறும் ஏமாற்றம் என்று முடிந்திருக்கும். அந்த நேரத்தில் மனைவியின் போன் கிணுங்கியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமனார். "அருமை மாப்பிள்ளை! அற்புதமான காட்சி. பின்னாடி கடல் தெரியுதே, செஞ்சிப் பக்கம் கடல் எப்போ வந்துச்சு?"

ஆறு முப்பத்தெட்டுக்கு, ஆலை கண்ணில் படுவதற்கு முன், நல்ல நம்பிக்கையில் நான் ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன். 'செஞ்சி சாலையில் சூரிய உதயம். குடும்பத்தோடு.' படம் போனில் ஏற்கெனவே இருந்தது. கன்னியாகுமரியில் எடுத்ததாக இருக்க வேண்டும். உற்றுப் பார்த்தால் ஒரு படகும் தெரியும். மாமனார் உற்றுப் பார்க்கிறவர், ஓய்வுபெற்ற தணிக்கைத் துறை.

இந்தக் குற்றத்துக்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றபோது, பன்றியாகப் போன திருமால் அடியைக் காணவில்லை என்று நேர்மையாகத் திரும்பினார். அன்னமாகப் பறந்த பிரம்மா, உச்சியைப் பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று சொல்லித் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது என்று தீர்ப்பு, தாழம்பூவுக்குச் சிவ பூஜையில் இடம் கிடையாது என்று இணைத் தீர்ப்பு. பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்ன முதல் வழக்கே இங்கே பதிவானதுதான். இதை நான் சொன்னால் தண்டனை குறையும் என்று நினைத்து மனைவியிடம் சொன்னேன். இட்லித் தூக்கு என்னைத் தாண்டி மற்ற ஆறு பேருக்கும் போயிற்று.

ஆனால் எனக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம் உதயம் போய்விட்டால் என்ன? அந்தப் பக்கம் இன்னும் ஆகவில்லையே! ஏழே முக்காலுக்கு முன் வீடு போய்ச் சேர்ந்தால், மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, மலை விளிம்பிலிருந்து சூரியன் புத்தம் புதிதாகக் கிளம்புவதை எல்லோருக்கும் காட்டிவிடலாம். இரண்டாவது ஆட்டம். "ஏறுங்க, ஏறுங்க" என்று எல்லோரையும் அடைத்தேன்.

"வர்றப்ப வடக்கால வந்தோம். இப்ப தெக்கால போனாதான் வலம் பூர்த்தியாவும்" என்றார் அம்மா. பரவாயில்லை, இப்போது எனக்கும் அதுதான் வசதி.

ஊரைத் தாண்டிச் செங்கம் சாலையில் ஏறியதும் மேளச் சத்தம் கேட்டது. பிறகு கூட்டத்தின் முதுகு தெரிந்தது. காவலர் ஒருவர் உள்ளங்கையைக் காட்டி, மெதுவாகப் பின்னால் வரச் சொன்னார்.

மறந்தே போயிருந்தேன். அண்ணாமலையார் தானே தன் மலையை வலம் வருவது ஆண்டில் இரண்டு முறைதான். கார்த்திகை தீபம் முடிந்து ஒருமுறை, திருவூடலுக்கு மறுநாள் ஒருமுறை. திருவூடல் நேற்றுச் சாயங்காலம், அதற்கென்றே பெயர் வைத்த திருவூடல் தெருவில் நடந்தது. நாங்களும் போய் நின்று பார்த்தோம். அம்மனை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் வணங்குகிற பிருங்கி முனிவருக்குச் சுவாமி காட்சி கொடுக்கப் போகிறார் என்று உண்ணாமுலையம்மனுக்குக் கோபம். விடுவிடுவென்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுவாமி இரவெல்லாம் குமரக் கோயிலில் தங்கி, விடிந்ததும் தனியாக மலையைச் சுற்றப் புறப்படுகிறார். நேற்றுக் காலை இருவருமாக வந்து சூரியனுக்குக் காட்சி, நேற்று மாலை சண்டை, இன்று காலை ஒற்றை ஆளாக ஊர்வலம். முன்னால் மனைவி கதவடைத்த ஒருவர் பல்லக்கில். பின்னால், முதல் கியரில், நான்.

ரமணாசிரம வாசல் வருவதற்குள் ஏழு நாற்பது ஆகிவிட்டது. என் மொட்டைமாடியில் அந்நேரம் யாருமில்லாமல் விடிந்திருக்கும்.

"சாமிக்குப் பின்னாலியே வலம் வர்றோம்டா. தேடுனாலும் கெடைக்காது" என்று அம்மா பூரித்துப்போயிருந்தார். "பாவம் அவரு. பக்தனைப் பாக்கப் போறேன்னதுக்கு அந்தம்மா இப்படி வீம்பு புடிச்சிருக்க வாணாம்."

"அவரு பாத்துட்டு வந்துதான் பாத்தேன்னு சொல்லுவாரு அத்தே. பாக்கறதுக்கு முன்னாலயே சொல்ல மாட்டாரு" என்றாள் மனைவி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

கொஞ்ச தூரம் மேளச் சத்தம் மட்டும். பிறகு மைத்துனன் முன்னால் குனிந்தான். "மறுவூடல் எப்ப மாமா?"

"சாமி கோயிலுக்குத் திரும்பினப்புறம்."

"நான் கோயிலைக் கேக்கல."

பின்சீட்டில் தூக்கைத் திறக்கிற சத்தம் கேட்டது. "உங்கப்பாகிட்ட சொல்லு," என்று மகளிடம் சொன்னாள் மனைவி, "நாலு இட்லி மீதி இருக்குது. சட்னி தீந்துபோச்சு."

"மிளகாய்ப்பொடி?" என்று கேட்டேன், கண்ணாடியைப் பார்க்காமல்.

"அதுவும் கேப்பாருன்னு தெரியும். பொடி இருக்கு, எண்ணெய் எடுத்தார மறந்துட்டேன்னு சொல்லு."

"அப்பா, எண்ணெய் இல்லையாம்."

வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையைப் பின்னால் நீட்டினேன்.